மூட்டைல புரோட்டீன் 35னு போட்டிருந்தா போதுமா?

வேதாரண்யம் பக்கம் ரெண்டு குட்டைல வனாமி இறால் விட்டு ஒம்போது வருசம் ஆச்சு. இத்தனை வருசத்துல என் காசு அதிகமா போனது குஞ்சுக்கோ டீசலுக்கோ கரண்டுக்கோ இல்ல, தீவனத்துக்குத்தான், மொத்தச் செலவுல பாதிக்கு மேல அதுவே முழுங்கிடும். அவ்ளோ காசு குடுத்து வாங்குற மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு யாரும் முழுசா சொன்னதில்ல, அதான் ஆத்திரம்.

மூட்டை மேல புரோட்டீன் 35னு இருக்கும், அதாவது 35 சதவீதம். அந்த 35 எப்படி வருதுன்னா லேப்ல தீவனத்துல இருக்குற நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்குவாங்க, அவ்ளோதான். அந்த நைட்ரஜன் நல்ல மீன்தூள்லேர்ந்து வந்துச்சா, சரியா செரிக்காத இறகுத்தூள்லேர்ந்து வந்துச்சா, எவனாவது யூரியாவ கலந்தானான்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது. சீனாவுல 2008ல தண்ணி கலந்த பால்ல, நைட்ரஜன் நெறைய இருக்குற மெலமின்ங்குற ரசாயனத்த போட்டு பச்சக் குழந்தைங்க செத்துச்சே, அவங்க புகுந்ததும் இதே ஓட்டையிலதான்.

இறாலுக்கு வெறும் நம்பர் பத்தாது. புரோட்டீனுக்குள்ள இருக்குற மெத்தியோனின், லைசின் மாதிரி அமினோ அமிலம் சரியான அளவுல வேணும், சோயாவுல மெத்தியோனின் கம்மி. கொலஸ்ட்ராலும் வேணும். நம்ம உடம்பு அத தானே செஞ்சுக்கும், இறாலால முடியாது, அது தீவனத்துல வரலைன்னா ஓடு கழட்டுறதுக்கான ஹார்மோனே ஒழுங்கா உருவாகாது, அப்புறம் எங்கேர்ந்து வளரும்? மீன்தூள், கணவாத்தூள், இறால் தலைத்தூள்ல அது இருக்கு, சோயாவுலயும் கோதுமைலயும் இல்லன்னே சொல்லலாம்.

அதுக்காக சோயாவே கூடாதுன்னு சொல்ல வரல. எங்க தாத்தா கடலுக்குப் போனவரு. மத்தி மீனையும் பொடி மீனையும் டன் கணக்குல வாரிட்டு வந்து தூளாக்க அனுப்புறத பாத்தா எனக்கும் வயிறு எரியுது. சோயாவ போட்டு, கொறையுற மெத்தியோனினையும் கொலஸ்ட்ராலையும் தனியா சேத்தா இறால் நல்லாவே வளரும். சென்னைல இருக்குற சீபா, அதான் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், நம்ம நாட்டு சரக்க வச்சே வனாமி பிளஸ்னு ஒரு தீவனம் பண்ணிக் காட்டியிருக்காங்க. நான் கேக்குறது ஒன்னுதான், என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க.

2021ல சோயாப் புண்ணாக்கு விலை எகிறி, மரபணு மாத்துன சோயாப் புண்ணாக்க 12 லட்சம் டன் இறக்கிக்கலாம்னு மத்திய அரசே அனுமதி குடுத்துச்சு. 2023ல எல் நினோவால பெரு நாட்டுல நெத்திலி வகை மீன் பிடிக்கிற முதல் சீசனையே ரத்து பண்ணாங்க, உலகம் பூரா மீன்தூள் விலை ஏறுச்சு. சரக்கு விலை இப்படி ஆடுறப்ப கம்பெனிக்காரங்க கலவைய மாத்துவாங்க, அது தொழில், தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கலவை மாறினாலும் மூட்டை மேல அதே 35தான் இருக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கிலோவுக்கு பத்து ரூவா கம்மின்னு நானே ஒரு தீவனத்துக்கு மாறினேன், அதுலயும் 35தான் போட்டிருந்துச்சு. 95 ரூவா தீவனத்துல ஒரு கிலோ இறாலுக்கு 1.3 கிலோ போட்டவன், 85 ரூவா தீவனத்துல 1.7 கிலோ போட வேண்டியதாச்சு. கணக்கு போட்டு பாருங்க, 123 ரூவா அம்பது காசு எங்க, 144 ரூவா அம்பது காசு எங்க, கிலோவுக்கு 21 ரூவா நஷ்டம். இறால் தின்னுச்சான்னு பாக்க தீவனம் போட்டு குட்டைக்குள்ள எறக்குற செக் ட்ரேய தூக்கிப் பாத்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதி மாவா கரைஞ்சு கெடக்கு. தின்னாததும் செரிக்காததும் அடில போயி கருப்புச் சேறாகி, அமோனியா ஏறி, ராத்திரி பூரா தண்ணில காத்த கலக்குற ஏரேட்டர ஓட்டி, கடைசில 50 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 50 இறால், எதிர்பாத்த எடத்துல 80 கவுண்ட்ல புடிச்சேன். டீலர்கிட்ட கேட்டா உங்க தண்ணி சரியில்லன்னுட்டாரு. அவருக்குக் காட்ட எங்கிட்ட ஒரு பிடி தீவனம்கூட மிச்சம் இல்ல.

அதனால வர்ற பட்டத்துலேர்ந்து ஒவ்வொரு லாட்லயும் கால் கிலோ எடுத்து, லாட் நம்பரும் தேதியும் எழுதி, காத்து புகாத டப்பால போட்டு வைக்கப் போறேன். நம்ம பக்கம் பண்ணை வச்சிருக்கவங்க இதையே பண்ணுங்க, ஒரே லாட் எடுத்தவங்க இங்க சொல்லுங்க, செலவ பிரிச்சுக்கிட்டு அமினோ அமில டெஸ்டுக்கு அனுப்பலாம்.