எந்த லினக்ஸ் என்று கேட்காதீர்கள், வீட்டில் எந்தப் பிரிண்டர் என்று பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடுவதா என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம் என்று வரும்போது, பெங்களூரில் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லினக்ஸ் போடலாம்?" உபுண்டுவா, ஃபெடோராவா, மின்ட்டா என்று லினக்ஸ் வகைகளைச் சொல்லி அதற்குக் கீழே நூறு பதில் வந்து விழும், கேட்டவர் குழம்பிப்போவார். என் பதில் லினக்ஸ் மின்ட். 8 ஜிபி ரேம் இருந்தால் அதன் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் தேவையில்லை. மாறியவர்கள் பத்தே நாளில் விண்டோஸுக்குத் திரும்புவது தப்பான லினக்ஸைப் போட்டதால் அல்ல. வைஃபை வரவில்லை, பிரிண்ட் வரவில்லை, தமிழ் அடிக்க முடியவில்லை: இந்த மூன்றால்தான் திரும்புகிறார்கள். மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட முடியும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில், கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்பை வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. திங்க்பேட் டி470 போன்ற ஏழாம் தலைமுறை மெஷின்கள் லினக்ஸுக்கு மிக நல்லவை. டி470-ல் ரேம் ஸ்லாட் இரண்டு இருப்பதால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே ஆன் செய்து பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மதர்போர்டு பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டையோ டிஸ்க் மோடையோ மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், 256 ஜிபி போதும். இந்த ஒரு மாற்றம் தரும் வேகத்தை எந்த லினக்ஸும் தராது.

அடுத்து, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்ப்பது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருள் வைத்து எழுதி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். லெனோவோ, டெல் இரண்டிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. டெஸ்க்டாப் வந்ததும் அரை மணி நேரம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்: வைஃபை, சவுண்டு, மைக், கேமரா, புளூடூத், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள். மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்பதை முக்கியமாகப் பாருங்கள். கைரேகை சென்சார் பல மாடல்களில் வேலை செய்யாது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை வராவிட்டால் பெரும்பாலும் பிராட்காம் சிப், அல்லது சில ரியல்டெக் சிப்கள். சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு அந்த டிரைவரே வேண்டும் என்ற முடிச்சில்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். டிரைவர் மேனேஜரைத் திறந்து டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். பயந்துபோய் அதைத் தாண்டிவிடாதீர்கள், அங்கே 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் டிரைவர் இருக்கும், ஆனால் லோடாகாது. என்விடியா கார்டுக்கும் இதே கதை.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர்கள் முதலில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பார்ட்டிஷனைத் தொட்டபின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும், கீ இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் போட்டோ எல்லாம் போனதுதான். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும். இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாவிட்டால் பயாஸில் ஸ்டோரேஜ் மோட் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும், அதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், நேராக மாற்றினால் விண்டோஸ் எழாது. இரண்டுக்கும் மாறி மாறிப் போகும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். மெஷின் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் நம்மூர் நேரமாகவும் படிப்பதுதான் காரணம். பேட்டரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகத் தேவையில்லை.

இப்போது பிரிண்டர். நம் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அதிகம் கண்ணில் படுவது எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும். 1020-க்குள் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் நிரந்தரமாக இருக்காது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்ப வேண்டும். எச்பிலிப் என்ற எச்பி மென்பொருள் மின்ட்டில் கிடைக்கும், ஆனால் இந்தப் பிரிண்டருக்கு அதன் பிளகினையும் தனியாக இறக்க வேண்டும். சிஸ்டத்தைப் பெரிய வெர்ஷனுக்கு ஏற்றும்போது எச்பிலிப் மாறிவிடும், பிளகின் பழையதாகவே நிற்கும், பிரிண்ட் நின்றுபோகும். பிளகினை மறுபடி இறக்கினால் சரியாகிவிடும். எல்பிபி 2900 அப்படியில்லை. அது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழியில் பேசுகிறது, கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழையது, ஒருநாள் வேலை செய்து மறுநாள் மக்கர் செய்யும். அந்தப் பிரிண்டரை நம்பித் தொழில் செய்பவர் அதற்கென்று விண்டோஸ் மெஷின் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது. வைஃபையில் ஏர்பிரிண்ட் உள்ள புதிய பிரிண்டர் எதுவானாலும் டிரைவரே கேட்காமல் தானாக வந்து நிற்கும்.

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி ரிட்டர்ன் போடுபவர்கள் அந்த மெஷினை மாற்ற வேண்டாம். டேலி நம் பெங்களூர் கம்பெனியின் மென்பொருள்தான், ஆனாலும் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வருஷக் கணக்கை அதை நம்பி வைக்காதீர்கள்.

கடைசியாகத் தமிழ். இங்கேதான் லினக்ஸின் மேல் தேவையில்லாத கெட்ட பெயர் விழுகிறது. கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ் தேடினால் தமிழ்நெட்99 என்று ஒரு லேஅவுட் வரும். அதைச் சேர்த்து, தட்டிப் பார்த்து, "லினக்ஸில் தமிழ்99 உடைந்திருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த லேஅவுட் ஒரு பட்டனுக்கு ஓர் எழுத்தைத் தருவதோடு சரி, முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தமிழ்99 என்ற தட்டச்சு முறையின் உயிரே முந்தைய எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பதில்தான் இருக்கிறது. அதனால் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் போடுங்கள். இன்புட் மெத்தடில் ஐபஸ்ஸைத் தேர்ந்து ஒருமுறை லாக் அவுட் செய்து வந்து, ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழுக்குக் கீழே உள்ள தமிழ்99-ஐச் சேருங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சொல் போதும். ப, எ, ங, க, ள, ஊ, ர, உ என்று எட்டே தட்டு. புள்ளிக்கென்று தனியாக எதையும் தொடாமல் 'பெங்களூரு' வந்தால் சரி. 'பப்பாளி' அடிக்கும்போது மட்டும் முதல் ப-வுக்குப் பின் ஒரு அ தட்டுங்கள், இல்லையென்றால் அந்த ப-வுக்கே புள்ளி விழும். தங்கிலீஷில் அடித்துப் பழகியவர்களுக்கு அதே பட்டியலில் ஃபொனெட்டிக் இருக்கிறது.

லிப்ரே ஆபீஸில் ஸ்டைலின் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லையா? லிப்ரே ஆபீஸ் தமிழை ஆங்கிலத்தோடு சேர்ப்பதில்லை, சிடிஎல் என்று தனி வகையில் வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் லாங்குவேஜஸ் பக்கத்தில் அதை ஆன் செய்தால் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவும் அளவும் வைக்க இடம் வரும். பாமினி என்ற ஃபான்ட்டில் அடித்த பழைய ஃபைல்கள் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அந்த ஃபான்ட்டைப் போட்டால் படிக்கலாம், ஆனால் தேடவோ திருத்தவோ யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். கன்னடத்தில் மனு எழுத வேண்டியவர்களுக்கு, ஐபஸ்ஸில் தமிழ்99 சேர்த்த அதே இடத்தில் கன்னடத்துக்குக் கீழே கேஜிபி லேஅவுட் இருக்கிறது. அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.