ஃபாதர் திஸ்ஸ பாலசூரியவை அந்த ஒரு வருஷத்தோட முடிச்சிடாதேங்கோ

ஜனவரி வந்தா யாராவது ஒராள் ஃபாதர் திஸ்ஸ பாலசூரியவைப் பற்றி ஒரு பதிவு போடுவினம், எப்பவும் ஒரே கதைதான், வத்திக்கான் திருச்சபையில இருந்து தள்ளி வைச்ச இலங்கைச் சாமியார், அவ்வளவோட முடிஞ்சுது. 88 வயசு மட்டும் இருந்த மனுசன், அதில 60 வருஷம் குருவா இருந்தவர், ஒரு வருஷம் நடந்த தண்டனைதான் அவற்ற முழுச் சீவியம் எண்ட மாதிரி எழுதிறது எனக்குச் சரியாப் படேல்ல.

1924ல கஹட்டகஸ்திகிலியவில பிறந்தவர், சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். நீர்கொழும்பு, கொழும்பு எண்டு படிச்ச பள்ளிக்கூடங்களுக்கு இடையில எங்கட யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ்லயும் இருந்தவர், இது எங்கட ஆக்களிலயே கனபேருக்குத் தெரியாது. யூனிவர்சிட்டியில படிச்சது பொருளாதாரம். பிறகுதான் அமலமரித் தியாகிகள் சபையில சேர்ந்து, ரோமில இறையியல் படிச்சு, 1952ல குருப்பட்டம். முதல்ல பொருளாதாரம் படிச்சிட்டு பிறகு இறையியலுக்கு வந்தது பெரிய விசயம் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா கடைசி மட்டும் அவர் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அது யாரிட்ட சாப்பாடு இருக்கு யாரிட்ட இல்லை எண்டதில வந்துதான் நிக்கும்.

ஃபாதர் பீற்றர் பிள்ளை 1954ல கொழும்பில அக்குவைனாஸ் கல்லூரியைத் தொடங்கேக்க இவரும் கூட நிண்டவர், 1964ல அவருக்குப் பிறகு றெக்டர். நல்ல பதவி, மரியாதையான வேலை, அப்பிடியே இருந்து ஓய்வெடுத்திருக்கலாம். 1971ல அதை விட்டிட்டார். அந்த ஏப்ரலிலதான் தெற்கில ஜேவிபி எண்ட இடதுசாரிக் கட்சியின்ர ஆயுதக் கிளர்ச்சி, ஆயிரக்கணக்கில இளம் பெடியள் செத்துப்போனவை. அதே வருஷம் கொழும்பு மருதானையில சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர் பிரச்சினை, இனப்பிரச்சினை, ஏழை நாடுகளின்ர கடன் எண்டு ஒண்டும் விடாம அங்க பேசி எழுதி அச்சடிச்சு வெளியிட்டவை. ஒரு சிங்களக் குரு தமிழாக்களின்ர உரிமையைப் பற்றிக் கொழும்பில இருந்து பேசுறது அந்தக் காலத்தில லேசான காரியமில்லை, அதை நாங்கள் மறக்கக் கூடாது. 1976ல தான்சானியாவில மூன்றாம் உலக இறையியலாளர் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து ஒரு அமைப்புத் தொடங்கேக்க அதிலயும் இவர் ஒராள்.

இனி அந்தப் புத்தகம். 1990ல வந்தது, மரியாவும் மனித விடுதலையும். அதில அவர் சொன்னதை என்ர பாஷையில சொன்னா இவ்வளவுதான்: நாங்கள் மாதாவுக்கு முடி வைச்சு நீலச் சால்வை போத்து அழகு பாக்கிறம், ஆனா லூக்கா நற்செய்தியில அந்த மாதா பாடின பாட்டு என்ன, வலியவரை அரியணையில இருந்து தூக்கி எறிஞ்சார், பசிச்சவையை நிரப்பினார், பணக்காரரை வெறுங்கையோட அனுப்பினார் எண்டுதானே. வயித்தில பிள்ளையோட நிண்ட ஒரு ஏழைப் பெண் இப்பிடிப் பாடினவ எண்டா அவவை அடக்க ஒடுக்கத்துக்கு மட்டும் உதாரணம் காட்டுறது என்ன நியாயம்? யுத்த நேரம் மடு மாதா கோயிலடியில மரத்துக்குக் கீழ தறப்பாள் கட்டிப் பிள்ளையளோட கிடந்த தாய்மாரை நினைச்சுப் பாத்தா இந்தக் கேள்வியின்ர பாரம் விளங்கும்.

அதோட ஜென்மப்பாவத்தையும், அதாவது ஆதாமின்ர பாவத்தோடதான் எல்லாரும் பிறக்கினம், ஞானஸ்நானம்தான் அதைக் கழுவும் எண்ட படிப்பினையையும் தொட்டவர், பிரச்சினை பெருத்தது அதிலதான். இந்த நாட்டில கத்தோலிக்கர் நூற்றுக்கு 6 பேர் அளவில, மிச்சம் எல்லாம் பௌத்தர், சைவர், முஸ்லிம் ஆக்கள். ஞானஸ்நானம் இல்லாமப் பிறந்து செத்த இவ்வளவு சனத்தையும் கடவுள் தள்ளிப்போட்டார் எண்டு நாங்கள் எந்த முகத்தோட பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுறது எண்டு கேட்டார். நான் மாதா பக்தி உள்ள ஆள், அவர் எழுதின எல்லாத்தோடையும் எனக்கு உடன்பாடு எண்டில்லை, சில இடத்தில தேவைக்கு மேல வேகமாப் போயிருக்கிறார். ஆனா அந்தக் கேள்வி நியாயமான கேள்வி.

1994ல எங்கட ஆயர்மார் பகிரங்கமா எச்சரிச்சவை, பிறகு வத்திக்கானில விசுவாசக் கோட்பாட்டுக்குப் பொறுப்பா இருந்த கர்தினால் ராட்சிங்கரின்ர அலுவலகம் 11 பக்கத்தில குற்றம் எழுதி அனுப்பினது, இவர் 55 பக்கத்தில பதில் எழுதினார், அது காணாது எண்டு போட்டினம். பிறகு அவருக்கெண்டே தயாரிச்ச ஒரு விசுவாச அறிக்கையை அனுப்பி இதில கையெழுத்து வையும் எண்டது ரோம். அதுக்குள்ள பெண்களுக்குக் குருப்பட்டம் குடுக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை எண்டும் எழுதியிருந்தது. அவர் அதில வைக்கேல்ல, பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதின விசுவாச அறிக்கையை எடுத்து அதில வைச்சார், ஒரு குறிப்பும் சேர்த்தார், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த வளர்ச்சியையும் இறையியலாளரின்ர சுதந்திரத்தையும் மனசில வைச்சுத்தான் இதைச் சொல்லுறன் எண்டு. அந்தக் குறிப்பால எல்லாம் செல்லாது எண்டு சொல்லி 1997 ஜனவரி 2ந் திகதி தள்ளி வைச்சினம். அப்ப அவருக்கு 72 வயசு!! சின்னப் பிள்ளையளைக் கெடுத்த குருமாரைச் சத்தமில்லாம பங்கு மாத்தி விட்ட அதே காலத்தில ஒரு கிழவனுக்கு ஒரு புத்தகத்துக்காக இந்தத் தண்டனை. இதை எழுதேக்க இப்பவும் எனக்கு நெஞ்சு கொதிக்குது.

உலகம் முழுக்க எதிர்ப்பு வந்துது, 1998 ஜனவரி 15ந் திகதி கொழும்பில தண்டனையை எடுத்திட்டினம். அவர் அந்தக் குறிப்பு இல்லாம ஆறாம் பவுலின்ர அறிக்கையில கையெழுத்து வைச்சார், புத்தகத்தால வந்த மனவருத்தத்துக்கு வருத்தம் சொன்னார், இனி விசுவாசம் பற்றி எழுதினா ஆயரிட்டக் காட்டிறன் எண்டார். அவர் பணிஞ்சு போட்டார் எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், நான் அப்பிடிப் பாக்கேல்ல. வேற சபைக்குப் போயிருக்கலாம், வெளிநாட்டில பேர் எடுத்திருக்கலாம். ஒண்டும் செய்யாம குருவாகவே இருந்து 2013 ஜனவரி 17ந் திகதி கண்ணை மூடினவர்.

அந்தத் தண்டனைக்குப் பிறகு என்ன நடந்துது எண்டு பாருங்கோ. ஞானஸ்நானம் இல்லாமச் சாகிற குழந்தையள் மீட்படையும் எண்டு நம்பக் காரணம் இருக்கு எண்டு 2007ல வத்திக்கானின்ர இறையியல் ஆணைக்குழுவே எழுதினது. 1995ல இரண்டாம் ஜோன் போல் பாப்பரசர் இஞ்ச வரேக்க, பௌத்தத்தைப் பற்றி அந்தப் பாப்பரசர் எழுதினதால பிக்குமார் சந்திக்க மாட்டம் எண்டு ஒதுங்கினவை, 2015ல பிரான்சிஸ் பாப்பரசர் வந்து மருதானை மகாபோதி விகாரைக்குள்ளயே போனார். மருதானை! பாலசூரிய பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்களைக் கூட்டி வைச்சுப் பேசின அதே மருதானை. அந்த நேரம் அவற்ற பேரை ஒரு ஆயராவது ஒருக்கா சொல்லியிருக்கலாம்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. அம்பிட்டியவிலயும் கொழும்புத்துறையிலயும் இண்டைக்குக் குருமடத்தில படிக்கிற பெடியளுக்கு ரோம் அனுப்பின 11 பக்கத்தையும் அவர் எழுதின 55 பக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படிப்பியுங்கோ, யார் சரி எண்டு அவையளே வாதாடட்டும்.