இதெல்லாம் ஒரு கேமா?

"சும்மா நடந்துகிட்டே இருக்கிறதெல்லாம் ஒரு கேமா?" என்று நண்பன் கேட்டான். பதில் சொல்லியும் மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். (சில கேம்களின் கதையைச் சொல்லப்போகிறேன். விளையாடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

நடந்து, சுற்றிப் பார்த்தே கதையைத் தெரிந்துகொள்ளும் வீடியோ கேம்களுக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்' என்ற பெயரைப் பலர் நக்கலாகத்தான் ஒட்டினார்கள். 2012-ல் 'டியர் எஸ்தர்' வந்தபோதும், அடுத்த வருடம் 'கான் ஹோம்' வந்தபோதும் இதே சண்டை. சுட ஆளில்லை, பாயின்ட் இல்லை, அப்புறம் எப்படி கேம்?

படங்களை நகைச்சுவை, திகில், சோகம் என்று மனசுக்கு நேர்வதை வைத்துப் பிரிக்கிறோம். கேம்களையோ பெரும்பாலும் கை செய்யும் வேலையை வைத்து: ஷூட்டர், ரேசிங், பிளாட்ஃபார்மர் (தாவித் தாவிப் போவது). அதனால்தானோ என்னவோ, உணர்ச்சி கட்சீனில் (நடுவே நாம் பார்க்க மட்டும் ஓடும் காட்சியில்) வரும், கேம்பிளே (நாம் கையால் விளையாடுவது) தனி என்று பலர் நினைக்கிறார்கள். இதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' (2013) விளையாடியவர்களுக்குத் தெரியும். கன்ட்ரோலரின் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. அம்மா தண்ணீரில் மூழ்கியதைக் கண்முன்னே பார்த்தவன் தம்பி. அதனால் ஆற்றைக் கடக்க அண்ணன் முதுகைப் பிடித்துக்கொள்வான். கடைசியில் அண்ணன் இறந்துவிடுகிறான். என் இடது கைக்கு வேலையே இல்லாமல் போனது. அப்புறம் ஒரு ஆறு. தம்பி தனியாக நிற்கிறான். வலது பட்டனை அழுத்தினேன், இறங்க மறுத்தான். மறுபடி அழுத்தினேன். வேறு வழி தெரியாமல், அதுவரை அண்ணனுக்காக மட்டுமே அழுத்திய இடது பட்டனை அழுத்தினேன். தம்பி நீந்தத் தொடங்கினான். புரிகிற மொழியில் ஒரு வசனம்கூட அந்த கேமில் கிடையாது. என் விரலுக்குத்தான் முதலில் புரிந்தது, கண் கலங்கியது அதற்கு அப்புறம்.

1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7'-ல் நம் குழுவில் ஒருத்தியான ஏரித் சாவது கட்சீன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிக்கணக்காகச் சண்டை போட்டு நாம் வளர்த்தவள் அவள். அடுத்த சண்டைக்கு ஆள் எடுக்கும்போது அவள் இல்லை. ஆர்பிஜி (பாத்திரங்களை வளர்த்து விளையாடும் வகை) என்பதால்தான் அந்த வெறுமை அப்படி உறைக்கிறது.

சரி, நண்பன் நக்கலடித்த வகைக்கே வருகிறேன். 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' (2017) அந்த வகைதான். 2018-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதை வாங்கியது. அதில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் லூயிஸின் கதை வரும். ஒரு கை ஒவ்வொரு மீனாக எடுத்துத் தலையை வெட்ட வேண்டும், மறு கை அவனுடைய பகல் கனவுக்குள் அவனை நடத்திப் போக வேண்டும். கனவு பெரிதாகிப் பெரிதாகித் திரையையே மூடுகிறது. கொஞ்ச நேரத்தில் மீனை மறந்தே போனேன். கை மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது.