ஆங் சான் முகம் நோட்டிலிருந்து ஏன் போனது?

1947 ஜூலை 19, காலை 10.37. ரங்கூன் தலைமைச் செயலகத்தில் அமைச்சரவை கூடியிருந்தபோது துப்பாக்கிகளோடு ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். பர்மாவின் விடுதலையை லண்டனில் பேசி முடித்துவிட்டு வந்திருந்த ஆங் சான் அங்கேயே விழுந்தார். வயது 32. சுதந்திரத்துக்கு ஆறு மாதம்கூட இல்லை. பின்னாளில் தியாகிகள் நாளில் சரியாக அந்த நிமிடத்தில் சங்கு ஊதும், ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்று வணங்குவார்கள். 1988க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தச் சங்கு ஊதவே இல்லை. அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகம் என்று பெயர் வைத்துப் பூட்டி வைத்தார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சில மணி நேரம் திறப்பார்கள்.

இதை மறதி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜனங்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு ஞாபகம் இருந்ததுதான் ஆட்சியாளர்களுக்குத் தொந்தரவாக இருந்தது.

என் தாத்தா அறுபதுகளில் ரங்கூனிலிருந்து ஊர் திரும்பியவர். அவர் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய ஒரு கியாட் (பர்மாப் பணம்) நோட்டு ஒன்று கிடந்தது, மடிப்பு விழுந்து ஓரம் பிய்ந்து. வலது பக்கத்தில் ஆங் சான். சின்ன வயதில் அவரை பர்மா ராஜா என்றே நினைத்திருந்தோம். தாத்தா "போஜோக்" என்பார், ஜெனரல் என்று அர்த்தம். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்களாம். அன்று நாட்டின் எல்லா நோட்டிலும் அந்த முகம் இருந்தது. அப்புறம் தொண்ணூறுகளில் வந்த நோட்டுகளைப் பார்த்தால் அந்த இடத்தில் கோயில் வாசலில் காவல் இருக்கும் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடம் கழித்து, 2020 ஜனவரியில்தான் 1000 கியாட் நோட்டில் அவர் திரும்பி வந்தார்.

இடையில் என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் தானாகப் புரியும். 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின், ஆங் சானோடு ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சி எடுத்த முப்பது தோழர்களில் ஒருவர். ஆங் சானின் வாரிசு என்று காட்டிக்கொள்வது அவருக்குத் தேவைப்பட்டது. அதனால் இருபத்தாறு வருடம் அரசு அலுவலகச் சுவர்களில் அந்தப் படம் தொங்கியது. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென அறிவித்தார்கள். மக்கள் சேர்த்து வைத்த காசு போனது. அடுத்த வருடம் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், கையில் அதே ஆங் சான் படத்தோடு. ஆகஸ்ட் 26 அன்று ஷ்வேடகன் கோயில் அருகே லட்சக்கணக்கானவர்கள் முன்னால் அவர் மகள் சூச்சி பேசியபோது, மேடையில் பின்னால் நின்றதும் அப்பாவின் பெரிய படம்தான். மூன்று வாரத்தில் ராணுவம் மறுபடி ஆட்சியைக் கைப்பற்றியது. அதன் பிறகுதான் படம் ஒவ்வோர் இடமாகக் காணாமல் போகத் தொடங்கியது.

மகளைக் கண்டு பயந்து அப்பாவை மறைத்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மகளே பிறந்திருக்காவிட்டாலும் அவர் அந்த ராணுவத்துக்குச் சங்கடமானவர்தான். 1945 செப்டம்பரில் இலங்கையின் கண்டியில் மவுண்ட்பேட்டனோடு பேச்சுவார்த்தை நடந்தது. புதிய பர்மா ராணுவத்தில் பிரிகேடியர் அந்தஸ்தில் அவருக்குப் பதவி தரத் தயாராக இருந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லி, சீருடையைக் கழற்றிவிட்டு அரசியலுக்கு வந்தார். ராணுவத்தை உருவாக்கிய மனிதரே, நாட்டை ஆள நினைப்பவன் ராணுவத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்று செய்து காட்டியிருக்கிறார். நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடத்தைச் சட்டம் போட்டுத் தங்களுக்கே ஒதுக்கிக்கொண்டவர்கள் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவார்கள்?

நேபிடோவில் புதுத் தலைநகர் கட்டியபோது ராணுவ மைதானத்தில் மூன்று பிரம்மாண்டமான சிலைகள் வைத்தார்கள். அனவ்ரதா, பாயின்னாங், அலாங்பயா. மூவரும் படை நடத்தி நாடு பிடித்த மன்னர்கள். எதிரில் நிற்பவரோடு உட்கார்ந்து பேசி நாட்டை உருவாக்கியவருக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அந்தப் பேச்சின் பெயர் பாங்லாங். 1947 பிப்ரவரி 12 அன்று ஷான் மலையில் உள்ள அந்தச் சின்ன ஊரில் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு ஆங் சான் கையெழுத்திட்டார். மலைப்பகுதி மக்களின் உள் நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி என்பதைக் கொள்கையளவில் ஏற்ற ஒப்பந்தம் அது. பர்மியருக்கு ஒரு கியாட் என்றால் உங்களுக்கும் ஒரு கியாட் என்று அவர் சொன்னதாக இன்றும் அங்கே சொல்கிறார்கள். அந்த வாக்கு நிறைவேறவில்லை. அவரை முழுசாக நினைத்தால் இந்தக் கடனும் கூடவே ஞாபகம் வரும். ஆள்பவர்களுக்கு அவர் வேண்டாதவராக ஆனதற்கு மூல காரணம் இதுதான் என்பேன்.

இதை ராணுவத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. சூச்சி கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு ஆங் சான் திரும்பி வந்தார், சிலையாகவும் பாலமாகவும். 2017இல் மோன் மாநிலத்தில் கட்டிய பாலத்துக்கு உள்ளூர் மக்கள் எதிர்ப்பை மீறி அவர் பெயர் வைத்தார்கள். அந்தப் பகுதி இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. 2019 பிப்ரவரியில் கயா மாநிலத் தலைநகர் லோய்காவில் குதிரை மேல் அவர் இருக்கும் சிலை வேண்டாம் என்று போராடிய இளைஞர்கள் மீது போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. சமஉரிமை பேசியவரின் சிலையைக் காக்க, சமஉரிமை கேட்ட பிள்ளைகளைச் சுடுவதா? நோட்டிலிருந்து முகத்தை எடுத்ததைவிட இதைப் பெரிய அவமரியாதையாக நினைக்கிறேன். அவர் தந்த வாக்குறுதியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

அந்த அறையில் அவரோடு சுடப்பட்டு இறந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். மான் பா கைங் கரென் இனத்தவர். சாவ் சாம் டுன் ஷான் சிற்றரசர். கல்வி அமைச்சர் ஊ ரசாக், அதாவது அப்துல் ரசாக், மெய்க்திலாவில் பிறந்தவர். அப்பா தமிழ் முஸ்லிம், அம்மா பர்மிய பௌத்தர். மண்டலேயில் தேசியப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பதினெட்டு வயசே ஆன அவருடைய மெய்க்காவலர் கோ ட்வேயும் அன்று இறந்தார். ஆங் சான் கட்ட நினைத்த நாடு எப்படிப்பட்டது என்று அறிய அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களே போதும். அதே நாடு 1982இல் குடியுரிமையை மூன்று அடுக்காகப் பிரித்து, 1823க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்கள்தான் மண்ணின் இனங்கள் என்றது. ரசாக்கின் அப்பா வழிச் சனத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

நம்மிடம் பர்மா என்றால் பஜாரும் அத்தோவும்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. ரங்கூனில் ஒரு தலைமுறையே வாழ்ந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே இத்தனை இருந்தும், ரசாக் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள். என் வீட்டிலும் யாரும் சொல்லித் தரவில்லை. தாத்தா, பாட்டி யாராவது பர்மாவில் இருந்திருந்தால், அவர்கள் ரசாக்கைப் பற்றிப் பேசிக் கேட்டிருந்தால், மண்டலே பள்ளி நாட்களின் படம் ஏதாவது பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். வரும் ஜூலை 19க்குள் அவரைப் பற்றி மட்டும் தமிழில் விரிவாக ஒரு பதிவு எழுத வேண்டும் என்றிருக்கிறேன்.