பெயரை மறைத்து எழுதுகிறவர்களுக்காக

சொந்தப் பெயர் இல்லாமல் எழுதும் பெண்களின் பதிவுகளுக்குக் கீழே ஒரு கமெண்ட் தவறாமல் வந்துவிடுகிறது. "தைரியம் இருந்தா சொந்தப் பேர்ல, சொந்த போட்டோவோட வந்து பேசுங்க." இப்படி எழுதுகிறவர்களில் என் நண்பர்களும் உண்டு. நல்ல மனிதர்கள்தான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் உடன்பாடே கிடையாது. அதை இன்று முழுதாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பெயரை மறைத்து எழுதுகிறவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புகுந்த வீட்டில் நடப்பதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டிய ஒரு பெண். வேறு சாதியில் காதலித்துக்கொண்டு, வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்த ஒரு பையன். மனநல மாத்திரை எடுத்துக்கொண்டு, வரன் பார்க்கும் நேரத்தில் அது வெளியே தெரியக் கூடாது என்று பயப்படும் ஒருவர். அரசுப் பள்ளியில் கழிப்பறை இல்லை என்று எழுத நினைக்கும் ஆசிரியர். அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, அரசை வெளிப்படையாக விமர்சித்தால் நடவடிக்கை வரும். இவர்களிடம் போய் தைரியம் இருக்கிறதா என்று கேட்பதில் என்ன நியாயம்? பெயரைப் போட்டால் அவர்கள் எழுதவே மாட்டார்கள். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் கவிதை எழுதியவர் வைத்துக்கொண்ட பெயர்தான் சல்மா. அந்த மறைவு இல்லையென்றால் நமக்கு அந்தக் கவிஞர் கிடைத்திருக்க மாட்டார்.

சரி, ஃபேக் ஐடியில் வந்து அசிங்கமாகத் திட்டுகிறவர்களை என்ன செய்வது? நியாயமான கேள்வி. 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் குற்றம் செய்கிறவனைக் கண்டுபிடிக்கக் காவல்துறைக்கு வழி இருக்கிறது. சட்டப்படி கேட்டால் நிறுவனம் ஐபி முகவரியையும் பதிவான எண்ணையும் கொடுக்கும். புனைபெயர் போலீசிடமிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. அது காப்பாற்றுவது சித்தப்பாவிடமிருந்து, மேனேஜரிடமிருந்து, விலகிப் போன பிறகும் விடாமல் தேடும் முன்னாள் கணவனிடமிருந்து. அந்தச் சின்னப் பாதுகாப்பைத்தான் நாம் பிடுங்கப் பார்க்கிறோம்.

எல்லோருடைய கணக்கையும் ஆதாரோடு இணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வாதம் உண்டு. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதைக் கேட்டு மனுவே போட்டார்கள், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தென்கொரியா இதைச் செய்தே பார்த்துவிட்டது. 2007-இல் பெரிய இணையதளங்களில் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகுதான் எழுத முடியும் என்று சட்டம் வந்தது. 2011-இல் அங்கே நேட், சைவேர்ல்ட் என்ற இரண்டு தளங்கள் ஹேக் ஆகி, ஏறத்தாழ 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012-இல் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. ஒரே இடத்தில் இவ்வளவு பேரின் அடையாளத்தைச் சேர்த்து வைத்தால் அது ஒருநாள் வெளியே வரும்.

நம் ஊர் அனுபவம் இதைவிட மோசம். பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னவர் ஒரு காவல்துறை உயர் அதிகாரி. சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதிலிருந்து பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தோம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. பெயர், முகவரி, எல்லாமே. மறுபடியும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு, மறுபடியும் நீதிமன்றத்தின் கண்டனம்.

அந்த எஃப்.ஐ.ஆர். அரசின் தளத்திலிருந்து கசிந்தது உண்மை. ஆனால் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை கொண்டுபோனது யார்? படித்தவர்கள், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். "பாவம் இந்தப் பொண்ணு" என்று எழுதி, கூடவே அந்தப் பக்கத்தையும் ஃபார்வர்ட் செய்தார்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் குற்றமாகத்தான் இருந்தது. சட்டம் போகட்டும். அந்தப் பெண் அடுத்த வாரம் வகுப்புக்குப் போக வேண்டுமே என்று ஃபார்வர்ட் செய்த கைகளில் ஒன்றுகூட யோசிக்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நம் அடையாளத்தை வேறு யாரும் காப்பாற்றித் தரப் போவதில்லை. புனைபெயரில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹேக்கர் வந்து கண்டுபிடிப்பது அபூர்வம். பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள், நாமே போட்டு வைத்த துண்டு துண்டான விவரங்களிலிருந்து.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர், மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தார். நைட் டியூட்டி பற்றி அருமையாக எழுதுவார். ஊர் பெயர், மருத்துவமனை பெயர் எதையும் சொன்னதில்லை. ஆனால் ஒரு பதிவில் லிஃப்ட் ரிப்பேராகி நோயாளியைப் படியில் தூக்கிப்போனதை எழுதினார். இன்னொன்றில் ஊர்க் கோயில் கொடைக்கு லீவு கிடைக்காத வருத்தம். வேறொன்றில் மகள் இரண்டாம் வகுப்பு போவது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த சக ஊழியர் ஒருவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. விஷயம் மேலே போனது. கணக்கை மூடு, இல்லை வேலையை விடு என்றார்கள். அவர் கணக்கை மூடினார். ஒரு வார்த்தை பொய்யாக எழுதாதவர் அவர்.

தனித்தனியாக ஒன்றுமில்லாத விவரங்கள் சேரும்போது என்ன ஆகும் என்பதை லத்தான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டிலேயே காட்டினார். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீட்டு எண், இந்த மூன்று மட்டும் போதும், அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டார். நாம் பிறந்தநாளைக் கொண்டாடிப் போடுகிறோம், ஊரை புரொஃபைலிலேயே எழுதி வைக்கிறோம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. நம் பேச்சு வழக்கே நம்மைக் காட்டிக்கொடுக்கும். "அம்முச்சி", "அப்பாரு" என்று எழுதினால் கொங்குப் பக்கம் என்று தெரிந்துவிடும். "அங்கிட்டு இங்கிட்டு" என்றால் மதுரை, "எலேய்" என்றால் நெல்லை. "வாப்பா", "உம்மா" என்றால் மதமும் கிட்டத்தட்ட எந்தக் கடற்கரை என்பதும் தெரியும். சாப்பாட்டின் பெயர், கல்யாணச் சடங்கின் பெயர், குலதெய்வத்தின் பெயர் இவற்றிலிருந்து சாதி வரைக்கும் போய்விடுவார்கள். வட்டார வழக்கை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, பலருடைய எழுத்துக்கு உயிரே அதுதான். ஆனால் உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து இருக்கிற விஷயத்தை எழுதும்போது, அந்தப் பதிவை மட்டுமாவது பொதுத் தமிழில் எழுதலாம். நடந்த அன்றே போடாமல் சில வாரம் தள்ளிப் போடலாம். இரண்டாம் வகுப்பு மகளை ஐந்தாம் வகுப்பு மகனாக்கலாம். சொல்ல வந்த உண்மை அதனால் குறைந்துவிடாது.

அப்புறம் போன் நம்பர். என்னைக் கேட்டால் மிகப் பெரிய ஓட்டை இதுதான். முகநூலில் உங்கள் எண்ணை நீங்கள் மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் அத்தை மகன் தன் காண்டாக்ட் பட்டியலை முகநூலுக்குக் கொடுத்திருந்தால், "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் ரகசியக் கணக்கு அவர் திரையில் போய் நிற்கக்கூடும். 2021-இல் 53 கோடிக்கும் மேற்பட்ட முகநூல் பயனர்களின் பெயரும் எண்ணும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. கணக்கின் பாதுகாப்புக்காக வாங்கிய எண்ணை அந்த நிறுவனம் விளம்பரத்துக்கும் பயன்படுத்தியதை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-இல் தடை செய்தது, 500 கோடி டாலர் அபராதம் விதித்த அதே வழக்கில். ஆகவே ரகசியக் கணக்கைத் தனி மின்னஞ்சலில் தொடங்குங்கள், அந்த மின்னஞ்சல் முகவரியிலும் உங்கள் பெயர் வேண்டாம். இரண்டடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டு எண்ணும் கேட்கும் வசதி, கட்டாயம் வையுங்கள், ஆனால் எஸ்.எம்.எஸ். வழியாக வேண்டாம், அந்த எண்ணை போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி வழியாக வையுங்கள். காண்டாக்ட்டைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

"சும்மா வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று வாசகர்கள் கூப்பிடுவார்கள். சாதாரணக் குழுவில் சேர்ந்தால் எண் எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணை ஏதாவது ஒரு யு.பி.ஐ. செயலியில் போட்டுப் பார்த்தால் வங்கியில் இருக்கும் உங்கள் பெயர் அப்படியே வரும். ட்ரூகாலரில் போட்டால், "ஸ்கூல் டீச்சர்" என்று எந்தப் பெற்றோரோ சேமித்த பெயர் வரும். புனைபெயரில் நிதி திரட்டுகிறவர்களும், புத்தகம் விற்கிறவர்களும் க்யூ.ஆர். கோடு போடும்போது இதை யோசிக்கவே வேண்டும். பேசியாக வேண்டும் என்றால் சிக்னலில் 2024 முதல் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயர் மட்டும் கொடுத்துப் பேச முடியும்.

பழைய கணக்கிலேயே பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு எழுதுவது ஆபத்து. மேலே பெயர் மாறியிருக்கும், புரொஃபைல் இணைப்பில் பழைய பெயர் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கும். சில வருடங்களுக்கு முந்தைய போட்டோவுக்குக் கீழே யாரோ "ஹேப்பி பர்த்டே" என்று உங்கள் உண்மைப் பெயரைச் சொல்லி வாழ்த்தியிருப்பார்கள். புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது. நண்பர் பட்டியலை "நான் மட்டும்" என்று மாற்றுங்கள். ஒரே செயலியில் இரண்டு கணக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டாம், அவசரத்தில் கணக்கு மாறி கமெண்ட் போட்டுத்தான் நிறையப் பேர் வெளியே தெரிந்துவிடுகிறார்கள். ரகசியக் கணக்குக்கென்று தனி பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். குழுக்களில் "பெயர் வெளியிடாமல்" போடும் வசதியை நம்புகிறவர்களுக்கு ஒன்று: அட்மினுக்கும் மாடரேட்டருக்கும் உங்கள் பெயர் தெரியும். அட்மின் யாரென்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படம் பற்றி நிறையவே சொல்லலாம். மொபைலில் எடுத்த படத்துக்குள் இடமும் நேரமும் பதிவாகியிருக்கும். 2012-இல் தலைமறைவாக இருந்த, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது, ஒரு பத்திரிகை போட்ட அவர் படத்துக்குள் இருந்த இட விவரத்தால்தான் தெரிந்தது. முகநூல் அந்தத் தகவலை மற்றவர்களுக்குக் காட்டாது. ஆனால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவோ, மின்னஞ்சலிலோ அனுப்பினால் அது கூடவே போகும். அதை நீக்கினாலும் படத்தில் தெரிவது தெரியும். 2019-இல் டோக்கியோவில் ஒரு இளம் பாடகியின் செல்ஃபியில், அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒருவன் அவர் வீடு வரை போய்த் தாக்கினான். பிள்ளையின் பள்ளிச் சீருடை, வண்டி நம்பர் பிளேட், ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டி, இவை எதுவும் ரகசியக் கணக்கில் வரக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும், யாராவது ஒருவருக்கு அது யாரென்று தெரிந்துதான் இருக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் உங்களிடம் என் வேண்டுகோள் இது. கமெண்ட்டில் உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், பிரியத்தில்கூட. "அக்கா, நேத்து கல்யாணத்துல பார்த்தேன்" என்று எழுதாதீர்கள். கருத்துச் சண்டை முற்றினாலும் "நீ யாருன்னு எனக்குத் தெரியும்" என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். கட்சிக்காரர்கள், இலக்கியக்காரர்கள், முற்போக்கு பேசுகிறவர்கள் எல்லோரும் தோற்கும்போது இந்த ஆயுதத்தைத்தான் எடுக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காக எடுத்தாலும் அது கொடுமைதான். பெண்ணின் வேலை செய்யும் இடத்துக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவரை, அவர் என் அரசியலோடு எவ்வளவு ஒத்துப்போனாலும், நான் நண்பர் பட்டியலில் வைத்திருப்பதில்லை.

மிரட்டல் வந்திருந்தால், தாமதிக்க வேண்டாம். கணக்கை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் புரொஃபைலின் இணைப்பையும் சேமித்து வையுங்கள். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களுக்கு அங்கே பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கும் வழி உண்டு. பணம் கேட்டு மிரட்டினால், ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

செட்டிங்கில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரிந்த மற்றவர்களும் சொல்லுங்கள். ஆனால் யாருக்காகக் கேட்கிறீர்கள், எந்தக் கணக்கு என்பதைக் கமெண்ட்டில் எழுத வேண்டாம்.