பொறுப்பு பொறுப்புன்னு பேசுறவங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல மெடிக்கல் பக்கம் வாங்க

"காண்டம் இருக்கு, மாத்திரை இருக்கு, காப்பர் டி இருக்கு, இவ்வளவும் இருந்தும் கர்ப்பமாகி வந்து நின்னா அது யார் தப்பு? அதுக்கு ஒரு உயிர ஏன் கலைக்கணும்?" இந்த வாரம் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப கண்ணுல படுது. கேக்குறவங்கள்ல மனசார உயிர் பெருசுன்னு நம்புறவங்களும் இருக்காங்க, பொம்பளைங்கள நாலு வார்த்த திட்ட சாக்கு கெடச்சுதேன்னு வர்றவங்களும் இருக்காங்க. ரெண்டாவது கோஷ்டிகிட்ட பேசி பிரயோஜனம் இல்ல, மொத கோஷ்டிக்குதான் இது.

நான் டி.பார்ம் முடிச்சுட்டு ஒரு டவுன் மெடிக்கல்ல வேல பாக்குறவ. நீங்க சொல்ற பொறுப்பு எப்படி வந்து நிக்கும்னு தெனம் பாக்குறேன். காண்டம் வாங்க வந்த பையன் பைக்க ஆஃப் பண்ணாமயே கால ஊனிக்கிட்டு, உள்ள ஓனர் அண்ணன் இருக்காரான்னு எட்டிப் பாப்பான், நான் மட்டும் நிக்கிறத பாத்ததும் "அக்கா ஒரு ஓ.ஆர்.எஸ் குடுங்க"ன்னு வாங்கிட்டு கெளம்பிருவான். அவனுக்கு வயித்தால போகலன்னு எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். கல்யாணமாகி ரெண்டு புள்ள பெத்த ஆளுங்களே கூட்டம் கலையுற வரைக்கும் ஷெல்ஃப்ல இருக்குற பேபி பவுடர படிச்சுக்கிட்டு நிப்பாங்க. நானும் பேப்பர்ல சுத்தி கறுப்பு கவர்ல போட்டு குடுப்பேன், கறுப்பு கவர்னாலே தெருவுக்கே தெரியும் உள்ள என்னன்னு, அது வேற விஷயம்.

சரி இது வெக்கம், ஒரு நாள் போயிரும்னு வச்சுக்குவோம். அடுத்தது அப்படி இல்ல. காண்டம் கிழிஞ்சிருச்சு, இல்ல போடவே இல்ல, மறுநாள் காலைல பயந்துபோய் எமர்ஜென்சி மாத்திரை கேட்டு வருவாங்க. எங்க கடைல இல்ல. எங்க கடைன்னு இல்ல, சென்னையிலயே பல வருஷமா நெறைய கடைகள்ல "அது வர்றதில்லம்மா"ன்னுதான் பதில். சட்டத்துல தடையா? கெடையாது. டாக்டர் சீட்டு வேணுமா? அதுவும் வேணாம். மருந்து பேரு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவு வச்சதுலருந்து 72 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெங்களூர்ல போய் கேட்டா பாராசிட்டமால் குடுக்குற மாதிரி எடுத்து குடுப்பாங்க. இங்க கேட்டா "கலாச்சாரம்"ங்குறாங்க, "எதுக்கு வம்பு"ங்குறாங்க.

இதுல பெரிய குழப்பமே, அத கலைக்கிற மாத்திரைன்னு நெனச்சுக்கிட்டு இருக்குறதுதான். படிச்சவங்களே அப்படித்தான் நெனைக்கிறாங்க. அது கருமுட்ட வெளிய வர்றத தள்ளிப்போடும், அவ்வளவுதான், ஏற்கனவே கரு தங்கிருச்சுன்னா அந்த மாத்திரையால ஒண்ணும் ஆகாது. கலைக்கிறதுக்கு உள்ளது வேற, மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால்னு ரெண்டு சேந்தது, டாக்டர் எழுதிக் குடுத்துதான் எடுக்கணும், 9 வாரம் வரைக்கும்தான். இப்ப பாருங்க, மொதல் மாத்திரை கெடைக்காம திரும்பிப் போன பொண்ணு ஒண்ணர மாசம் கழிச்சு ரெண்டாவது மாத்திரை கேட்டு வந்து நிக்குது. கூட வந்த பையன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் செல்போன பாத்துக்கிட்டு நிக்கிறான். சீட்டு இல்லாம நான் குடுக்க மாட்டேன், குடுக்கவும் கூடாது, கரு ட்யூப்ல தங்கியிருந்தா இந்த மாத்திரையால கலையாது, ட்யூப் வெடிச்சு உயிருக்கே ஆபத்தாயிரும், ஸ்கேன் பாக்காம முழுங்குற விஷயம் இல்ல இது. "டாக்டர பாரும்மா"ன்னு சொல்லி அனுப்புவேன். போகுமா, இல்ல வேற எவனாவது பிளாக்ல குடுத்தத முழுங்குமான்னு எனக்கு தெரியாது. கருக்கலைப்பு கூடாதுங்குறவங்க மொதல்ல சண்ட போட வேண்டியது அந்த 72 மணி நேர மாத்திரைக்காகத்தானே? அத தடுக்குற ஆளும் "ஏன் கலைக்கிற"ன்னு கேக்குற ஆளும் ஒரே ஆளா இருந்தா எப்படி?

கவனமா இருந்தாலும் ஆகும்ங்குறத யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. காண்டம் மட்டும் நம்பி இருக்குற 100 ஜோடிகள்ல, மக்கள் நெசமா யூஸ் பண்ற லட்சணத்துல, ஒரு வருஷத்துல சுமார் 13 பேருக்கு கர்ப்பம் ஆகுது. ஒவ்வொரு தடவையும் அச்சு பிசகாம பண்ணாலும் 2 பேருக்கு. அந்த 2 பேர்கிட்ட போய் பொறுப்பு எங்கன்னு கேப்பீங்களா?

அப்புறம் ஆம்பளைங்க பொறுப்பு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவுல கல்யாணமான பொண்ணுங்கள்ல 37.9 சதவீதம் பேர் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. புருஷன் பண்ணிக்கிட்டது 0.3. இத்தனைக்கும் ஆம்பளைங்களுது கத்தி வைக்காம, தையல் போடாம முடியுற வேல, அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம், மூணு மாசம் மட்டும் காண்டம் போட்டுட்டு அப்புறம் டெஸ்ட் பாத்துக்கணும். அரசாங்க ஆஸ்பத்திரில பண்ணிக்கிட்டா பணமும் தர்றாங்க. எங்க பக்கத்து வீட்டு அண்ணன் பண்ணிக்கிறேன்னு சொன்னதுக்கு அவங்க அம்மா ஒப்பாரி வச்ச மாதிரி "மூட்ட தூக்குற புள்ள, பலம் போயிருமே"ன்னு அழுது, கடைசில ரெண்டாவது சிசேரியனோட அண்ணிக்கே பண்ணி விட்டுட்டாங்க. ரெண்டு தடவ வயித்த அறுத்தவங்களுக்கு பலம் போகாது போல.

இந்த பயத்துக்கு ஒரு சரித்திரமும் இருக்கு, அதையும் சொல்லணும். நெருக்கடி நிலை சமயத்துல, 1976-77ல, நாடு முழுக்க 80 லட்சம் ஆபரேஷனுக்கு மேல பண்ணாங்க, அதுல 60 லட்சத்துக்கு மேல ஆம்பளைங்களுக்கு, நெறைய எடத்துல, முக்கியமா வடக்க, புடிச்சு இழுத்துட்டு போய். அந்த காயத்துக்கப்புறம் எந்த அரசாங்கமும் ஆம்பளைங்க பக்கம் பெருசா போகல, மொத்த பாரமும் பொண்டாட்டி தலைல. இதே மண்ணுலதான் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே பெரியார் கர்ப்பத்தடைய பொண்ணோட விடுதலைன்னு அவரோட குடியரசு பத்திரிகைல எழுதுனாரு. நாம அத பிரசவ வார்டுல "ஆபரேஷன் பண்ணிக்கிறியா, காப்பர் டி போட்டுக்கிறியா, சீக்கிரம் சொல்லு"ன்னு வலில கெடக்குறவகிட்ட கேக்குற கேள்வியா மாத்தி வச்சிருக்கோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பலருக்கு தெரியாது. கருக்கலைப்புக்கு இருக்குறது 1971 சட்டம், 2021ல திருத்துனாங்க. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் சரின்னா போதும், 24 வரைக்கும் சில காரணங்களுக்கு ரெண்டு டாக்டர் சரின்னு சொல்லணும். 18 வயசு ஆயிருச்சுன்னா அந்தப் பொண்ணு கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்து சட்டத்துல எங்கயுமே கேக்கல, ஆனா கேக்காத ஆஸ்பத்திரி எத்தனன்னு நீங்களே சொல்லுங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் அதே 24 வாரம்தான்னு 2022 செப்டம்பர் 29ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு. அதுக்காக இது முழு உரிமைன்னும் நெனச்சுக்காதீங்க, கடைசி முடிவு டாக்டர் கைலதான், அந்த சட்டத்துக்கு வெளிய போனா கலைச்சுக்கிட்டவ மேலயே கேஸ் வரும்.

எனக்கும் ஒரு எடத்துல மனசு நிக்குது. 2023ல 26 வார கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு, ரெண்டு புள்ள பெத்த அம்மா, பிரசவத்துக்கு அப்புறம் மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கிட்டு இருந்தவங்க, பால் குடுக்குறதால பீரியட்ஸ் வராம கர்ப்பம்னே லேட்டா தெரிஞ்சுது. ரெண்டு ஜட்ஜுக்குள்ளயே ஒத்துப்போகல, மூணு பேர் பெஞ்ச் போய் கடைசில முடியாதுன்னுட்டாங்க. அந்தம்மாவ நெனச்சாலும் பாவமா இருக்கு, 26 வாரம்னா என்னன்னு தெரிஞ்சவளுக்கு அந்த தீர்ப்ப சும்மா திட்டவும் முடியல. அதே மாதிரி பொட்டப்புள்ளன்னு கலைக்கிறது. உசிலம்பட்டி கள்ளிப்பால், 1992ல சேலத்துல தொட்டில் குழந்தை திட்டம்னு பாத்த ஊர்க்காரங்க நாம, "கலைக்கிறது அவங்க அவங்க இஷ்டம்"னு ஒரே வரில முடிக்க எனக்கு வாய் வராது. ஆனா அங்கயும் முக்காவாசி அந்த பொண்ணு இஷ்டமா அது? மாமியார் இஷ்டம்.

கூட படிச்ச தோழி ஒருத்தி ஆர்.சி. கிறிஸ்டியன், கரு உண்டான நிமிஷத்துலருந்து உயிர்தான்னு உறுதியா நம்புறவ. கலைக்கிற மாத்திரை இருக்குற கடைல வேல வேணாம்னு சம்பளம் கம்மியா வேற எடத்துக்கு போனா. எனக்கு அவகூட ஒத்துப்போகாது, ஆனா அவள மதிக்கிறேன், ஏன்னா அவ கொள்கைக்கான செலவ அவளே ஏத்துக்கிட்டா. வேண்டாத கர்ப்பத்தோட வந்த ஒரு பொண்ணுக்கு ஆறு மாசம் சோறு போட்டு கூடவே வச்சிருந்தவ அவ. அடுத்தவ வயித்துல கொள்கைய வளக்குறவங்க அவகிட்ட கத்துக்கலாம்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, யாருக்காவது உதவும். அந்த 72 மணி நேர மாத்திரை கெடைக்கலன்னா உறவு வச்ச 5 நாளுக்குள்ள காப்பர் டி போட்டாலும் தடுக்கும், மாத்திரைய விட நல்லாவே தடுக்கும், அரசு ஆஸ்பத்திரில காசு வாங்காம போடுவாங்க. அங்க போய் நின்னா "கல்யாணம் ஆயிருச்சா"ன்னு கேப்பாங்க. போன மாசம்கூட டிஸ்ட்ரிபியூட்டர் தம்பிகிட்ட அந்த மாத்திரை ஒரு பத்து ஸ்ட்ரிப் அனுப்புப்பான்னு கேட்டேன். "அக்கா, நம்ம ஏரியால அது மூவ் ஆகாதுக்கா"ன்னான்.