குடியரசுத் தலைவர் உரை அவர் சொந்தக் கருத்து இல்லை

"குடியரசுத் தலைவரே நாடாளுமன்றத்தில் அரசை இவ்வளவு புகழ்ந்துவிட்டார், நடுநிலையான ஒருவர் சொன்ன பிறகு என்ன வாதம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும், பொதுத்தேர்தலுக்குப் பிறகு கூடும் முதல் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் வாசிக்கும் உரையை அரசுதான் தயாரிக்கிறது, அமைச்சரவை ஒப்புதல் கொடுக்கிறது, அவர் வாசிக்கிறார், அவ்வளவுதான். அரசியல் சட்டப் பிரிவு 87-ன் கீழ் வருவது இது. "எனது அரசு" என்று அதில் திரும்பத் திரும்ப வருவதும் அதனால்தான். லண்டனில் மன்னர் சார்லஸ் தன் அரசின் திட்டங்களை வாசிப்பதும் இதே கதைதான். காங்கிரஸ் ஆண்டபோது வாசித்த உரைகளிலும் அந்த அரசின் புகழ்தான் இருந்தது, அப்போது யாரும் இதை நடுநிலைச் சான்றிதழாகக் காட்டவில்லை (சிலர் காட்டியிருக்கலாம், யார் கண்டது).

அப்புறம், இந்த உரையோடு விவாதம் முடிந்துவிடாது, அதற்குப் பிறகுதான் ஆரம்பம். உரைக்கு நன்றி தெரிவித்து அவையில் கொண்டுவரும் தீர்மானத்தில் எதிர்க்கட்சிகள் திருத்தம் கொண்டுவரலாம். 2015 மார்ச்சில் மாநிலங்களவையில் கறுப்புப் பணம் பற்றி மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் ஜெயிக்கவே செய்தது. உரையில் உள்ள திட்டங்களைப் பாராட்டுங்கள், திட்டுங்கள், ஆனால் அரசு எழுதியது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.